கேம் வீட்டு அக்கா

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்குள் வந்து அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் வீடு தெரியாது. ‘கேம் வீட்டு அக்கா’ என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் போதும், குழாயடியில் நிற்கிறவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு, கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவாள். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பெயர் அவளுக்கு ஒரு பட்டம். அவளும் அதைப் பட்டமாகத்தான் வைத்துக்கொண்டாள். யாராவது “கேம் வீட்டக்கா” என்று கூப்பிட்டால் முதல் தடவை காதில் விழாததுபோல் இருப்பாள். இன்னொரு தடவை கூப்பிட வைத்துவிட்டுத்தான் திரும்புவாள்.

இதில் வேடிக்கை, அந்த வீட்டில் யாரும் கேம் விளையாடி நான் பார்த்ததில்லை. ராணுவத்தில் இருந்த அவள் கணவர், அமைதிப் படையோடு வெளிநாடு போய்த் திரும்பியபோது இரண்டு மகன்களுக்காக ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். டிவியோடு இணைத்து விளையாடுகிற பெட்டி. மகன்கள் அதன் முன்னால் விழுந்து கிடந்தார்களாம். காலாண்டுத் தேர்வு மார்க் வந்தது. அக்கா பெட்டியைத் தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதில் சினிமா சிடியும் ஓடும், அதற்கென்று உள்ளே ஒரு கார்டு சொருகியிருக்கிறது என்று கணவர் ரயில் ஏறும்போது போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே பெட்டி பீரோவை விட்டு வெளியே வந்து டிவி ஸ்டாண்டில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அதைத் தொடும் உரிமை மகன்களுக்கு இல்லை.

அப்போது ஊரில் சில வீடுகளில்தான் சிடி பிளேயர். கடையில் வாங்குகிற சினிமா சிடி அவற்றில் ஓடும். ஆனால் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று வீடியோ எடுத்து கம்ப்யூட்டரில் எழுதித் தருகிற சிடியைப் போட்டால் பாதி பிளேயர்கள் வாயே திறக்காது. எழுதின கடைக்காரர் பிளேயர் சரியில்லை என்பார். பிளேயர் விற்றவர் சிடி சரியில்லை என்பார். நடுவில் நிற்கிற மனுஷி, மகளின் கல்யாணத்தைக் கவருக்குள் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைவாள். கடைசியில் அக்கா வீட்டுக்கு வருவாள்.

வந்தவளை அக்கா முதலில் உட்கார வைப்பாள். “சாப்பிட்டாச்சா?” என்பாள். மோர் வரும். சிடி எங்கே என்று கேட்கவே மாட்டாள். வந்தவளுக்கே பொறுக்காமல் கவரை எடுத்து நீட்டினால், “இருக்கட்டும், செத்த நேரம் ஆறட்டும். வெயில்லயில்லா வந்துருக்கு” என்பாள். வெயிலில் வந்தது அந்த அம்மாளா சிடியா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். அப்புறம் பேண்டேஜ் துணியை எடுப்பாள். எங்கள் ஊரில் பேண்டேஜ் துணி செய்யும் தொழிற்சாலைகள் நிறைய. தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை, எல்லார் வீட்டிலும் வெட்டுத்துண்டு கிடக்கும். மெத்தென்ற அந்தத் துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைப்பாள். வட்டமாகத் துடைத்தால் கையில் ஒன்று வைப்பாள், நானே வாங்கியிருக்கிறேன்.

பிறகு பெட்டிக்குள் வைத்து மூடி, வீட்டில் பேசுகிற தெலுங்கில் அதைக் கெஞ்சுவாள். “ரா தல்லி, ரா.” வா தாயே, வா என்று அர்த்தம். மகன்களிடமோ கணவரிடமோ அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

“ஓடலன்னா ஓடாதுன்னு சொல்லி அனுப்ப வேண்டியதுதானக்கா. எதுக்கு இம்புட்டுப் பாடு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஓடாதுன்னு சொல்லுறதுக்கு ஒரு வீடு வேணுமாக்கும்? அதை ரோட்டுலயே சொல்லிரலாம்லா” என்றாள்.

அதுதான் அவள். நம் வாசலுக்கு வந்தது எதுவும் நடக்காமல் திரும்பக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் வந்தவரைப் பட்டினியாக அனுப்பினால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கேவலமோ, அந்தக் கேவலம் அவளுக்குச் சிடியிலும் இருந்தது.

பெட்டிக்கு வயசாகிவிட்டது. உள்ளே சிடியைப் படிக்கிற லென்ஸ் தேய்ந்து படம் திக்க ஆரம்பித்தது. அக்கா பெட்டியைச் சாய்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள், கடைசியில் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஓடியது. அன்றிலிருந்து இரண்டு பவுடர் டப்பாக்களின் மேல் பெட்டி கவிழ்ந்தே கிடந்தது. புதிதாக வருகிறவர்கள் பதறினால், “நின்னுக்கிட்டு ஏலாத வேலைய அது படுத்துக்கிட்டுச் செய்யுது. நமக்கும் வயசானா அப்படித்தான்” என்பாள். அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மற்றவர்கள் சொல்லக் கூடாது. தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் “அந்தப் பழைய பெட்டிதான?” என்று ஒரு வார்த்தை விட்டார். அதற்கப்புறம் அக்கா வீட்டு ஆண்பிள்ளைகள் ரொம்ப நாள் கசங்கின சட்டையோடுதான் நடமாடினார்கள்.

தெருவில் ரிட்டயர்டான டீச்சரம்மா ஒருவர் இருந்தார். மகள் அமெரிக்காவில். பேரனின் ஞானஸ்நானத்தை சிடியில் அனுப்பியிருந்தாள். அக்கா போட்டாள். படம் வந்தது, ஆனால் கலர் இல்லை, மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தது. பாதிரியார் எங்கே, பிள்ளை எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பஜாரில் காட்டியபோது சிடி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டார்களாம். டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“சிடியில குத்தமில்ல டீச்சர். அந்த ஊரு டிவிக்கு ஒரு கணக்கு, நம்ம ஊரு டிவிக்கு ஒரு கணக்கு. நம்ம டிவிதான் அதை ஏத்துக்கிட மாட்டேங்கு” என்றாள் அக்கா. இரண்டு கணக்கையும் ஏற்றுக்கொள்கிற புது டிவி தளவாய்புரத்தில் அவளுடைய சொந்தக்காரர் வீட்டில் இருந்தது. மறுநாளே டீச்சரையும் என்னையும் கிளப்பினாள். பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள்.

“யக்கா, அந்த மூட்டைக்கு லக்கேஜ் போடணும்” என்றார் கண்டக்டர்.

“மடியில இருக்கதுக்கு என்ன லக்கேஜு? மடியில இருக்க பிள்ளைக்கும் டிக்கெட் கிழிக்கிற ஆளா நீரு?”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் தளவாய்புரம் வரைக்கும் எங்கள் பக்கம் வரவில்லை.

அந்தப் புது டிவியில் பேரன் முழுக் கலரில் வந்தான். தலையில் தண்ணீர் விழுந்ததும் வீறிட்டு அழுதான். டீச்சரம்மா எழுந்து போய் டிவிக் கண்ணாடியில் அவன் கன்னத்தைத் தொட்டார். நான் படத்தைப் பார்த்தேன். அக்கா படத்தையே பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, எப்படி என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தவள் ராஜபாளையம் வந்தும் நிறுத்தவில்லை. அடக்கமெல்லாம் அவளுக்கு ஆகாது. எனக்கும் அவளிடம் அதுதான் பிடித்திருந்தது.

எனக்கு மாப்பிள்ளை பார்த்த கதைக்கு வருகிறேன். எனக்கு அம்மா இல்லை. அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு பஞ்சு மில்லின் சோதனைக் கூடத்தில் நூலின் திடம் பார்க்கிற வேலையில் இருந்தேன். நூலை மாட்டி இழுத்து, எவ்வளவு தாங்குகிறது என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டால்தான் லோடு கிளம்பும். அந்த வேலையை நான் எந்தக் காரணத்துக்காகவும் விடுவதாக இல்லை. விட்டால் அதைவிடப் பெரிய வேலைக்காகத்தான் விடுவேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

வன்னியம்பட்டிக்காரர் ஒருவர், சிங்கப்பூரில் வேலை, நல்ல குடும்பம் என்று வரன் வந்தது. கொண்டுவந்தது மாப்பிள்ளையின் அத்தை. கல்யாணம் ஆனதும் ஆறு மாதத்தில் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய்விடுவான், அங்கேயும் மில்லு, கம்பெனி எல்லாம் இருக்கிறது, வேலைக்குப் போகலாம் என்று அத்தை சொன்னாள். எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. ஆனால் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. அதனால் தன்னைப் பற்றிப் பேசி ஒரு சிடி அனுப்பியிருந்தான்.

“நேர்ல வந்து உக்காந்த மாதிரிதான அண்ணாச்சி. ஊரு முன்னால போட்டுப் பாப்போம். பையன் பேசி முடிச்ச கையோட தட்டை மாத்திருவோம்” என்றாள் அத்தை. தட்டு மாற்றிவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி. அப்புறம் பின்வாங்கினால் பெண்ணுக்குத்தான் கெட்ட பேர். அத்தை மேலும் ஒன்று சொன்னாள். “எங்க ஊரு பிளேயர்ல அது ஓட மாட்டேங்கு. எங்களுக்கே இன்னும் பாக்கக் குடுத்து வைக்கல.”

அப்பா சிடியை வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா துடைத்தாள், கவிழ்த்தாள், தெலுங்கில் கெஞ்சினாள். பெட்டி அசையவில்லை. அவள் முகம் சுண்டிப்போனதை அன்றுதான் பார்த்தேன். மறுநாள் மில்லுக்கு லீவு போடச் சொல்லி என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனாள். சிடி எழுதுகிற மிஷின் வைத்த கம்ப்யூட்டர் சென்டர் அங்கே ஒன்று வந்திருந்தது. அதை நடத்தியவர் சிடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “படம் இருக்குக்கா. ஆனா கம்ப்யூட்டர்ல பாக்குற ஃபைலா அப்படியே எழுதிட்டாங்க. உங்க பெட்டி கேக்குற ஃபார்மட் வேற. மாத்தி எழுதணும்” என்றார்.

“எம்புட்டு நேரமாகும்?”

“சாயங்காலம் ஆயிரும்.”

“இருக்கோம்” என்று அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

படம் ஒன்றும் தெரியவில்லை. திரையில் ஒரு கோடு மட்டும் மெல்ல மெல்ல நீண்டுகொண்டிருந்தது. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைக் கடைக்காரருக்கும் கொடுத்துச் சாப்பிட்டோம்.

“உனக்குப் பிடிச்சிருக்கா ஏட்டி?” என்று கேட்டாள்.

“மொகத்தையே பாக்கல, என்னத்தப் பிடிக்க?”

“வேலை?”

“அங்கயும் பாக்கலாம்னு சொல்லுதாங்க.”

“அவன் வாயால சொல்லட்டும். அதுக்குத்தான உக்காந்துருக்கேன்” என்றாள். என் அம்மா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

புது சிடியை வீட்டுக்கு வந்து பெட்டியில் போட்டதும் ‘வணக்கம்’ என்று ஒரு முகம் வந்தது. அக்கா உடனே நிறுத்திவிட்டாள். “ஓடுது. மீதிய எல்லாரும் சேந்து பாக்கணும். அதுதான் மொறை.”

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. டிவிக்குக் கீழே புது ஜமுக்காளம், முன்னால் இரண்டு தாம்பூலத் தட்டுகள். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்த கணக்கு என்று யாரோ டிவிக்குச் சந்தனம்கூட வைத்துவிட்டார்கள். அப்பா வேட்டியை மடித்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அத்தை தட்டுக்குப் பக்கத்தில். அக்கா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, கேம் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி டிவிக்கு அருகில் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

மாப்பிள்ளை நன்றாகத்தான் பேசினான். படிப்பைச் சொன்னான், வேலையைச் சொன்னான். “ஆறு மாசத்துல கூட்டிட்டு வந்துருவேன். அவங்க இங்க வந்தும் வேலை பாக்கலாம், நான் தடுக்க மாட்டேன்” என்றான். கும்பிட்டான். கூடத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். பேச்சும் சிரிப்புமாகக் கேசரித் தட்டு கைமாறியது. அத்தை தாம்பூலத் தட்டைத் தூக்கினாள். அப்பாவும் கையை நீட்டினார்.

டிவியில் படம் முடியவில்லை. கேமராவை நிறுத்தாமலே கீழே வைத்துவிட்டார்கள் போல. ஒரு மேஜைக்கால் தெரிந்தது. பேச்சு மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தில் அது டிவிக்கு அருகில் நின்ற எங்கள் இருவர் காதில்தான் விழுந்திருக்கும். “என்னலே, நம்பிருவாகளா?” என்று யாரோ கேட்டார்கள்.

அக்காவின் கட்டைவிரல் ரிமோட்டை அழுத்தியது. டிவி நீலமாகிவிட்டது.

“என்னாச்சு?” என்றாள் அத்தை. “மேல போடு. தங்கியிருக்கிற வீட்டக் காட்டுவேன்னு போன்ல சொன்னான்.”

அக்கா பெட்டியைத் தட்டுவதுபோல் தட்டினாள். பிறகு நிமிர்ந்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். “இதுக்கு மேல ஓடாது மதினி. நம்ம பெட்டிக்கு ஏலாது.”

அந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை.

“சரி, பாத்த மட்டும் போதும். நேரம் போகுது, பிடிங்க அண்ணாச்சி” என்று அத்தை தட்டை நீட்டினாள்.

“அண்ணாச்சி, மாப்பிள்ளை வந்து உக்காந்த மாதிரின்னுதான இம்புட்டும் செஞ்சோம்?” என்றாள் அக்கா. “அவர் எந்திரிக்க முன்னாலயே பாதியில நின்னு போச்சு. தட்டைக் கையில எடுக்கையில இப்படி ஆயிருக்கு. தாயில்லாப் பிள்ளை. சகுனத்தையும் கொஞ்சம் பாருங்க.”

அப்பா சகுனம் பார்க்கிறவர். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. “கோளாறு பிடிச்ச பெட்டிய வச்சுக்கிட்டா ஊரக் கூட்டுன?”

இஸ்திரிக் கடைக்காரரை ஒரு வார்த்தைக்காக ஒதுக்கி வைத்தவள் அவள். ஆனால் அக்கா தலையைக் குனிந்து, “ஆமா மதினி. பழைய பெட்டி. தெரியாமக் கூட்டிட்டேன்” என்றாள்.

எல்லாரும் கலைந்து போனார்கள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அப்பாவை அக்கா நிறுத்தினாள். “செத்த இருங்க அண்ணாச்சி. ஏட்டி, கதவைச் சாத்து.” பிறகு மீதியை ஓட விட்டாள்.

மேஜைக்காலைப் பார்த்துக்கொண்டே கேட்டோம். “நம்பாம எங்க போவாக? அவள இங்க யாருலே கூட்டிட்டு வாரா? ஊர்ல எங்கம்மாவுக்கு ரெண்டு வேளை சோறு பொங்கிப் போட ஒரு ஆளு வேணும். மில்லுக்குப் போறதையெல்லாம் வந்த மறுநாளே நிறுத்திருவா எங்கம்மா.” வணக்கம் சொன்ன அதே குரல்தான். கூட இன்னொருவன் சிரித்தான். யாரோ வந்து கேமராவை எடுத்தார்கள், படம் நின்றது.

அப்பா அக்காவைப் பார்த்துக் கை கூப்பினார். அவள் ஜமுக்காளத்தைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. “எல்லார் முன்னாலயும் ஓட விட்டிருக்கலாம்லாக்கா? அவன் யோக்கியதை தெரிஞ்சிருக்கும்லா?”

“அவன் அங்க கெடக்கான், அவனுக்கு என்ன? ‘சோறு பொங்க ஒரு ஆளு’ன்னு சொன்னது உன் பேரோட வந்து ஒட்டிக்கிடும்டி. அடுத்தாப்ல உன்னப் பாக்க வாரவன் காதுக்கும் போகும். பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொன்னா பெட்டியோட போகும்” என்றாள்.

அப்பா சகுனம் சரியில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அத்தை சும்மா இருப்பாளா? பெட்டி ராசியில்லாதது, நல்ல காரியத்தை நடுவில் நிறுத்துகிற பெட்டி என்று ராஜபாளையத்திலும் வன்னியம்பட்டியிலும் சொல்லிச் சொல்லியே பரப்பினாள். கல்யாண சிடி கொண்டுவருகிறவர்கள் நின்றுபோனார்கள். குழாயடியில் சிலர் வேண்டுமென்றே, “என்னக்கா, பெட்டி நல்லாருக்கா?” என்று கேட்டார்கள். “அதுக்கென்ன, இருக்கு” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். நான் ஒருமுறை வாயைத் திறக்கப் போனேன். இடுப்பில் கிள்ளினாள் பாருங்கள், தழும்பே விழுந்துவிட்டது.

அந்தப் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் திருவண்ணாமலைக்குப் பெருமாளைப் பார்க்கப் போனோம். படி முழுக்கக் கூட்டம். பாதி வழியில் அத்தை எதிரே இறங்கி வந்தாள், கூடவே அவள் ஊர்ப் பெண்கள். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கூட வந்தவர்களிடம் கையைக் காட்டிச் சத்தமாகச் சொன்னாள். “இந்தா நிக்காள்லா, இவ பெட்டியாலதான் எங்க பையன் சம்பந்தம் நின்னு போச்சு.”

ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, அத்தையை நேராகப் பார்த்தாள்.

“ஆமா மதினி. என் பெட்டியாலதான் நின்னுச்சு.”

சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு மேலே ஏறினாள். தன் வாயாலேயே ஒத்துக்கொண்டாள் பார் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். எத்தனையோ பெருமை அடித்துக்கொண்டவள் அவள். எல்லாவற்றையும் கூட நின்று கேட்டிருக்கிறேன். அவற்றிலெல்லாம் பெரிய பெருமை அதுதான். அந்த மலையில் அதைக் காது குளிரக் கேட்டவள் நான் ஒருத்திதான்.